கேபின் டிவியில் நம் படம் ஓடுமா?

சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுக் கப்பல் பயணம் போகிறீர்கள். அப்பா அம்மாவும் வருகிறார்கள். சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குக் கேபினுக்குள் வந்துவிட்டால் அவர்களுக்குப் பொழுது போகாது. ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் பழைய படங்களைக் கொண்டுபோய் அங்கிருக்கும் டிவியில் போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காட்டலாம், டிவி மனது வைத்தால். அது கப்பலுக்குக் கப்பல் மாறும். ஒரே கப்பலில்கூட மாறும். பழுதுபார்ப்புக்காகத் துறையில் நிறுத்தும்போது சில தளங்களுக்கு மட்டும் புது டிவி மாட்டுவார்கள், மற்ற தளங்களில் பழையதே தொங்கும். அதனால் படம் பார்க்கும் திரையை நீங்களே கையோடு கொண்டுபோங்கள். கேபின் டிவி கிடைத்தால் அது உபரி லாபம். அந்த லாபத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் சில வருடங்கள் கப்பலில் டிவி, ஒலிபெருக்கி, மேடைத் திரை எல்லாம் கவனிக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். "டிவி வரவில்லை" என்று பயணி புகார் சொன்னால் டூல் பையோடு வந்து கதவைத் தட்டுகிற ஆள். அப்படித் தட்டி உள்ளே போனால், பாதி நேரம் டிவியில் ஒரு கோளாறும் இருக்காது. எங்களுக்கு முன்பே யாரோ அதன் முதுகில் கைவைத்திருப்பார்கள். ஆன்டெனா கேபிள் கழன்று தொங்கும், வெளிச் சாதனத்தைச் சொருகும் எச்டிஎம்ஐ ஓட்டையில் ஒன்றும் இருக்காது, பயணி முகத்தில் ஒன்றும் தெரியாத பாவனை இருக்கும்.

முதலில் அந்த டிவி என்ன பொருள் என்று புரிந்துகொள்ளுங்கள். பார்க்க நம் வீட்டு சாம்சங், எல்ஜி போலவே இருந்தாலும் அது ஹோட்டல்களுக்கென்று தனியாக விற்கும் மாடல். அதில் ஹோட்டல் மோடு என்று ஒன்று உண்டு. எவ்வளவு சத்தம் வைக்கலாம், ஆன் செய்ததும் எந்தச் சேனல் வரவேண்டும், யுஎஸ்பி வேலை செய்யலாமா, சோர்ஸ் (அதாவது படம் எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்பது) மாற்றலாமா என்று ஒவ்வொன்றையும் கப்பல்காரர் முன்கூட்டியே பூட்டிவைக்க முடியும். கூடவே தரும் ரிமோட்டிலும் சோர்ஸ் பட்டன் பெரும்பாலும் இருக்காது. அதாவது உங்கள் படத்தை யாரும் தடுக்கவில்லை. டிவிக்குள் நுழையும் வாசலைத்தான் அடைத்திருக்கிறார்கள்.

கஞ்சத்தனத்தால் மட்டும் அடைக்கவில்லை. கப்பலுக்கு அந்த டிவி ஓர் அறிவிப்புப் பலகை. கடலில் எங்கே இருக்கிறோம் என்ற வரைபடம், மறுநாள் துறைமுக விவரம், சில கப்பல்களில் உங்கள் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுவரை அதில் வரும். பாதுகாப்புப் பயிற்சியும் இப்போது அதோடு சேர்ந்துவிட்டது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறியது; 2015லிருந்து, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். முன்பெல்லாம் ஆயிரக்கணக்கான பேர் வெயிலில் லைஃப் ஜாக்கெட்டோடு வரிசையில் நிற்போம். கோவிட் காலத்தில் ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி அதை மாற்றிப் பாதுகாப்பு வீடியோவைக் கேபின் டிவியிலோ ஃபோன் செயலியிலோ பார்த்துவிட்டு, கூடும் இடத்தில் போய்த் தலையைக் காட்டினால் போதும் என்று ஆக்கியது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. சோர்ஸ் மாறிக் கறுப்பாகக் கிடக்கும் டிவியில் அந்த வீடியோவை எப்படிக் காட்டுவது? அப்புறம் சினிமா உரிமை. கப்பலின் படச் சேனலுக்கும் கட்டணப் படங்களுக்கும் கம்பெனி தனியாக உரிமம் வாங்குகிறது. அதில் காசு பார்க்கிற கம்பெனிக்கு உங்கள் பென் டிரைவ் மேல் பெரிய பாசம் இருக்காது.

சரி, ஏறிய முதல் நாள் கேபினுக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம்; வெளியே கடல் இருக்கிறது.

ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்று பட்டன் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் டிவியின் கீழ் விளிம்பில், பெரும்பாலும் நடுவிலோ வலது பக்கமோ, விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னக் குமிழ் தட்டுப்படும். அதை அமுக்கினால் மெனு வரலாம். பூட்டியிருந்தால் ஒன்றும் வராது. அடுத்து முதுகு. டிவி சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கும், கை நுழையாது. ஃபோன் கேமராவை வீடியோவில் போட்டு மெல்லப் பக்கவாட்டில் நுழைத்து எடுத்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை எங்கே, அது பக்கம் பார்த்திருக்கிறதா சுவரைப் பார்த்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுவரைப் பார்த்திருந்தால் நேரான கேபிள் உள்ளே போகாது; எல் போல வளைந்த தலை வேண்டும். வளைந்த அடாப்டர் கடையில் மலிவாகக் கிடைக்கும். கப்பலில் கிடைக்காது.

இரண்டு தந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வசதி. சாம்சங் அதை எனிநெட் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. ஃபயர் டிவி ஸ்டிக் போல எச்டிஎம்ஐ ஓட்டையில் மாட்டும் குட்டிச் சாதனம் ஒன்றைச் சொருகி அதன் ரிமோட்டில் ஹோம் பட்டனை அமுக்கினால், "நான் வந்திருக்கிறேன், என் பக்கம் திரும்பு" என்று அது டிவிக்குச் சொல்லும். ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை எடுத்துவிட்ட கப்பல்கள் சிலவற்றில் இதை அணைக்க மறந்திருப்பார்கள். டிவி தானாகத் திரும்பிவிடும்.

இன்னொன்று உங்கள் பையிலேயே இருக்கலாம். ரெட்மி, போகோ ஃபோன்கள் பலவற்றின் மேல் விளிம்பில் சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கும். அது ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரை விடும் கண். ஃபோனில் வரும் ரிமோட் செயலியில் சாம்சங், எல்ஜி, ஃபிலிப்ஸ் என்று நாலைந்து டிவிகளைக் கரையிலேயே சேர்த்துவைத்துக்கொள்ளுங்கள். சேர்க்க நெட் வேண்டும், பயன்படுத்த வேண்டாம். கேபினில் அதன் சோர்ஸ் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ரிமோட்டிலிருந்து பட்டனை மட்டும் எடுத்துவிட்டு டிவியைப் பூட்டாமல் விட்ட கேபின்களில் இது வேலை செய்யும்.

இவ்வளவு செய்தும் வரவில்லையென்றால் கேபினைக் கவனிக்கும் ஸ்டூவர்டிடமோ வரவேற்பு மேசையிலோ நேராகக் கேளுங்கள். "வயதானவர்கள், தமிழ்ப் படம் தவிர வேறு பார்க்கமாட்டார்கள்" என்று சொல்லிக் கேட்டால் ஆள் அனுப்பித் திறந்துவிடும் கப்பல்களும் உண்டு. நானே திறந்துவிட்டிருக்கிறேன். முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

விட்டுவிடுங்கள் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அடுத்த படிக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிவிக்கும் செட்டாப் பெட்டிக்கும் நடுவே தொலைபேசி ஒயர் போல ஒரு மெல்லிய கேபிள் ஓடும். பெட்டி டிவிக்குக் கட்டளை கொடுப்பது அதன் வழியாகத்தான். அதைப் பிடுங்கினால் டிவி விடுதலை ஆகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சில மாடல்களில் உண்மைதான். ஆனால் திரும்பச் சரியாகச் சொருகாவிட்டால் பெட்டி டிவியைக் கண்டுபிடிக்காது, அடுத்த பயணிக்குச் சேனலே வராது. அதைவிட மோசம், இணையத்தில் கிடைக்கும் ரகசிய எண் வரிசையைத் தட்டி நிறுவல் மெனுவுக்குள் போவது. உள்ளே போனவர் எதையோ மாற்றிவிட்டு வெளியே வருவார், டிவி அமைதியாகிவிடும். மீட்க நான் மடிக்கணினியோடு போய் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒருமுறை ஒரு தம்பதி தாங்கியையே வளைத்திருந்தார்கள். டிவி ஒரு பக்கம் சாய்ந்து, அலைக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. செலவு அவர்கள் கணக்கில் ஏறியது.

வாசல் திறந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி எதைச் சொருகுவது?

ஹார்ட் டிஸ்கை நேராக டிவியில் சொருகலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் வேண்டாம் என்பேன். டிவியின் சாதாரண யுஎஸ்பி ஓட்டை அரை ஆம்பியர்தான் கொடுக்கும். சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகம் இழுக்கும். "டிக், டிக்" என்று சத்தம் கேட்கும், படம் வராது. பென் டிரைவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பென் டிரைவை எதில் ஃபார்மேட் செய்வது என்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. எல்லா டிவியும் படிப்பது ஃபேட்32; ஆனால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகக்கூடாது. எக்ஸ்ஃபேட்டைப் பழைய டிவி படிக்காமல் போகலாம். மூன்று மணி நேரப் பழைய படத்தை 2 ஜிபிக்குள் அழகாக அடக்கலாம். அப்பா அம்மாவுக்கு அதற்கு மேல் தெளிவு தேவைப்படாது. கேபின் டிவியும் அவ்வளவு பெரிது இல்லை.

இதைவிட நல்ல வழி, உள்ளங்கையில் அடங்கும் மீடியா பிளேயர் பெட்டி. ஒரு பக்கம் பென் டிரைவ், மறு பக்கம் எச்டிஎம்ஐ, தனி ரிமோட். நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். டிவியின் யுஎஸ்பி பூட்டியிருந்தாலும் எச்டிஎம்ஐ திறந்திருந்தால் போதும். ரிமோட் ஒன்றை அப்பா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மேல்தளத்துக்குக் காற்று வாங்கப் போகலாம். ஃபயர் ஸ்டிக் வைத்திருப்பவர்கள் ஓடிஜி கேபிள் (சின்ன யுஎஸ்பி ஓட்டையில் பென் டிரைவை மாட்ட உதவும் இணைப்பு) வழியாகப் பென் டிரைவைச் சொருகி, விஎல்சி செயலியில் பார்க்கலாம். அதற்கும் நெட் வேண்டாம். ஆனால் நெட் இல்லாத ஃபயர் ஸ்டிக்கின் முகப்புப் பக்கம் அழுதுகொண்டே இருக்கும். செட்டிங்ஸ் வழியாக உள்ளே போய்ச் செயலியைத் திறக்க வேண்டும். வீட்டிலேயே வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள். ஸ்டிக்குக்கான மின்சாரத்தையும் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள், அரை ஆம்பியர் அதற்குப் பற்றாது.

படத்தின் ஃபைல் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். கப்பலில் வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை விலையில் பயணம் உண்டு. ஒருமுறை அம்மாவை அழைத்துப் போனேன். டிவியைத் திறக்கும் உரிமையே என் கையில். பழைய சிவாஜி படம் ஒன்றைப் பென் டிரைவில் வைத்திருந்தேன். பழைய பிரிண்டைத் துடைத்து மெருகேற்றி, புதிதாக ஒலி சேர்த்த பிரதி. சொருகினேன், படம் பளபளவென்று வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒலி டிடிஎஸ் முறையில் இருந்தது. சாம்சங் 2018லிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை எடுத்துவிட்டது. எங்கள் கப்பலில் இருந்தது அதற்குப் பிந்தைய மாடல். இது எனக்குத் தெரியும், தெரிந்தும் பார்க்காமல் விட்டேன். "டிவிக்காரன் அம்மாவுக்கே சத்தம் வரலை" என்று அம்மா சிரித்தாள். மாற்றி எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். "உட்காருடா" என்று சொல்லிவிட்டு, திரையில் வாய் அசைய அசைய வசனத்தைத் தானே சொல்ல ஆரம்பித்தாள். நீதிமன்றக் காட்சி முழுவதும் சொன்னாள். ஓர் இடத்தில்தான் தடுமாறினாள்.

உங்கள் அம்மாவுக்கு அத்தனை மனப்பாடம் இருக்குமா தெரியாது. அதனால் எல்லாப் படத்தையும் எம்பி4 ஃபைலாக, படம் எச்.264, ஒலி ஏஏசி என்று மாற்றிக்கொண்டு போங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். அதில் எதையும் மாற்ற வேண்டாம், தானாக வரும் 1080 அமைப்பே போதும். ஒரு படத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ ஆகும்; இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். எச்.265இல் ஃபைல் சின்னதாகும் என்று ஆசை காட்டுவார்கள். பழைய டிவி அதைத் திறக்காது. தமிழ் சப்டைட்டில் வைத்திருந்தால் தனி ஃபைலாக நம்பாதீர்கள். டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். ஹேண்ட்பிரேக்கிலேயே படத்தோடு சேர்த்துப் பதித்துவிடலாம்.

ஃபோனிலிருந்து நேராக டிவிக்குக் கேபிள் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். ஃபோனைப் பொறுத்தது. ஐஃபோன் 15லிருந்து சி வகை ஓட்டை வழியாகப் படம் வெளியே வரும். அதற்கு முந்தையவற்றுக்கு ஆப்பிளின் லைட்னிங் அடாப்டர் வேண்டும். சாம்சங் எஸ் வரிசையில் வரும். ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் அதே வடிவ ஓட்டை இருந்தாலும் படம் வெளியே வராது, சார்ஜும் ஃபைலும் மட்டும்தான். ஓட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டு டிவியில் சொருகிப் பார்த்தால்தான் தெரியும்.

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் டவுன்லோடுகளை நம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் நகல் தடுப்பு உண்டு. மலிவான அடாப்டர் போட்டால் சத்தம் வரும், திரை கறுப்பாக இருக்கும். சில படங்கள் ஓட ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். புதுப்பிக்க நெட் கேட்கும், நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். மடிக்கணினியில் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், நெட்ஃபிளிக்ஸ் 2024இல் தன் விண்டோஸ் செயலியிலிருந்து டவுன்லோடு வசதியையே எடுத்துவிட்டது. டேப்லெட்டில் இறக்கி, டேப்லெட்டிலேயே பார்ப்பதுதான் அவற்றுக்குச் சரிப்படும்.

கப்பல் வைஃபை வழியாக ஃபோனிலிருந்து டிவிக்கு அனுப்பும் யோசனையை மறந்துவிடுங்கள். ராயல் கரீபியன் 2022 ஆகஸ்டில் தன் கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வருவதாக அறிவித்தது. அதற்குப் பின் கடலில் நெட் வேகம் எங்கேயோ போய்விட்டது, உண்மைதான். ஆனால் வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி கப்பலில் தடுத்துவைப்பார்கள். தடுக்காவிட்டால் பக்கத்துக் கேபின் பையன் உங்கள் டிவியில் பாட்டுப் போடுவான். வைஃபை வழியாக ஃபோன் படத்தை டிவிக்குக் கொண்டுவரும் குரோம்காஸ்ட் இந்தத் தடுப்பில்தான் சிக்கிக்கொள்ளும். நெட்டையும் சாதனத்துக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று விற்பார்கள். ஸ்டிக்கும் ஒரு சாதனம்தான்.

இதைத் தாண்ட ஒரு சின்ன ரவுட்டர் எடுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற கம்பெனிகளின் தடைப் பட்டியலில் ரவுட்டர் இருக்கிறது. ஏறும்போது ஸ்கேனரில் தெரியும், வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் தருவார்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டையும் கடலில் யோசித்துத்தான் போட வேண்டும். கப்பலுக்குள்ளேயே செயற்கைக்கோள் வழி செல்பேசிச் சேவை ஒன்று இருக்கும். கரை மறைந்ததும் உங்கள் சிம் அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டத்தில் அது பெரும்பாலும் அடங்காது. பில் வந்த பிறகு கப்பல் டிக்கெட் மலிவாகத் தெரியும். கப்பல் நகர்ந்ததும் எல்லா ஃபோனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள், குறிப்பாக அப்பாவின் ஃபோனை.

மின்சாரம் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. பெரிய கப்பல்களில் கேபினில் பெரும்பாலும் இரண்டு வகைத் துளைகள் இருக்கும்: அமெரிக்கத் தட்டை முள்ளுக்கு 110 வோல்ட், ஐரோப்பிய உருண்டை முள்ளுக்கு 220 வோல்ட். நம் ஊர் இரண்டு முள் ஃபோன் சார்ஜர் ஐரோப்பியத் துளையில் அப்படியே உட்காரும். மூன்று முள் உட்காராது, சிங்கப்பூர்ச் சதுர முள்ளும் உட்காராது. மொத்தமே இரண்டு மூன்று துளைதான் என்பதால் எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்துப் போகத் தோன்றும். மின்பாய்ச்சல் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) உள்ள பெட்டியாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். கரையில் நம் வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் மின்சாரம் இருக்கும், மற்றது நியூட்ரல். கப்பலில் பெரும்பாலும் இரண்டிலுமே, கப்பலின் இரும்பு உடலோடு ஒப்பிட்டால், மின்னழுத்தம் உண்டு. தரைக்கென்று செய்த தடுப்பான் அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ராயல் கரீபியன் 2024இல் இன்னும் ஒரு படி போய், பல துளை எக்ஸ்டென்ஷன்களையே தடைசெய்துவிட்டது. வெறும் யுஎஸ்பி துளைகள் நான்கு உள்ள சார்ஜர் ஒன்று போதும். ஸ்டிக், பிளேயர், ஃபோன், டேப்லெட் எல்லாம் அதிலேயே ஓடும்.

சன்னல் இல்லாத உள் கேபின் எடுத்திருந்தால் இன்னோர் ஆசை வரும். ராயல் கரீபியனின் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பல் 2014இல் வந்தபோது, உள் கேபின்களில் 80 அங்குலத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரு திரை வைத்தார்கள். வெளியே கேமரா பிடிக்கும் கடல் அதில் நேரலையாகத் தெரியும். மெய்நிகர் பால்கனி என்று பெயர். அதில் ஒரு எம்ஜிஆர் படம் போட்டால் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்காத தமிழ்ப் பயணி இல்லை. அதற்குக் கடல் மட்டும்தான் தெரியும். வேண்டாமென்றால் அணைத்துவிடலாம், அவ்வளவுதான்.

நீங்கள் சென்னையிலிருந்து போவதாக இருந்தாலும் இதே பதில்தான். 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓட ஆரம்பித்த கோர்டீலியா கம்பெனியின் எம்ப்ரஸ், 1990இல் சேவைக்கு வந்த கப்பல். கப்பலின் வயதைப் பார்த்து டிவியை எடைபோட முடியாது. டிவியை எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். கேபினின் அளவு மட்டும் மாறாது. பழைய கப்பலில் கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே இடம் குறைவு, கட்டில் தலைமாட்டிலிருந்து திரை கோணலாகத் தெரியும். கழுத்து வலி உள்ளவர்களுக்கு அது ஆகாது.

அதனால்தான் முதலில் சொன்ன உங்கள் சொந்தத் திரை. பத்து அங்குல டேப்லெட், அதில் விஎல்சி, படங்கள் உள்ளேயே. அப்பா அம்மா இருவரும் கேட்க வேண்டுமென்றால் ஒரு சின்னப் புளூடூத் ஸ்பீக்கரை நடுவில் வையுங்கள். கேபின் சுவர் மெல்லியது, சத்தத்தைப் பாதியிலேயே நிறுத்துங்கள். அந்தச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். இரண்டு காந்தக் கொக்கியும் ஒரு துணிப்பையும் இருந்தால் டேப்லெட்டைக் கட்டிலுக்கு எதிரே கண் மட்டத்தில் தொங்கவிடலாம். கப்பல் ஆடினாலும் விழாது. நான் பார்த்தவரை, டிவியோடு மல்லுக்கட்டியவர்களைவிட இப்படிப் பார்த்தவர்கள்தான் முழுப் படத்தையும் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் கேபினுக்குள் பாருங்கள். மேல்தள ஓய்வறைத் திரையில் போடச் சொல்லிப் பென் டிரைவை நீட்டாதீர்கள். அது பொதுக் காட்சி ஆகிவிடும், யாரும் போடமாட்டார்கள்.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு பெரிய பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ராத்திரியே எடுத்துப் போய்விடுவார்கள், அடுத்து கரையில்தான் கையில் கிடைக்கும். அன்று இரவும் படம் பார்ப்பதாக இருந்தால் கேபிள், பிளேயர், சார்ஜர் மூன்றுக்கும் கைப்பையில் இடம் விட்டுவையுங்கள். காலையில் அறையைக் காலிசெய்யும்போது டிவியின் முதுகை ஒருமுறை தடவுங்கள். எங்கள் அலுவலக இழுப்பறை ஒன்றில் யாரும் தேடி வராத பென் டிரைவ்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. பாதி, டிவியின் பின்னாலிருந்து நான் உருவி எடுத்தவை.